கிட்டார் கொஞ்சம் கம்மியா இருக்கே

அடுத்தவர் பாட்டில் தன் கிட்டாரைத் தேடும் பிராணி ஒன்று உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். இளமையில் ராக் குழுவில் வாசிக்கும். முடி கொட்டத் தொடங்கியதும் இசைத் தயாரிப்பாளராகிவிடும். அதுவரை ஒரு குழுவின் பாட்டைக் கெடுத்தது, பிறகு ஊரார் பாட்டையெல்லாம் கெடுக்கும்.

நம் 'வால்யூம் மாமா'வையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வைத்தவர் அவருடைய பழைய குழுவின் டிரம்மர். ஒத்திகையில் "என் சத்தம் எனக்கே கேக்கலப்பா" என்று முனகிக்கொண்டே மாமா தன் ஆம்ப்ளிஃபயரை ஏற்றுவார். அதைப் பார்த்து பேஸ் கிட்டார்காரர் தன்னுடையதை ஏற்றுவார். பாடகர் தொண்டை கிழியக் கத்துவார். டிரம்மர் குச்சியை உடைப்பார். கடைசியில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து மெயின் சுவிட்சை அணைப்பார். இருட்டில் மாமா கேட்பார்: "யாருப்பா என் கிட்டாரை மட்டும் குறைச்சது?" குழு உடைந்தது. உடையாமல் என்ன செய்யும்? "இவங்களுக்கெல்லாம் இசையே தெரியல" என்று சொல்லிவிட்டு மாமா தனியாக ஒலிப்பதிவுக் கூடம் திறந்தார்.

அங்கே வந்தாள் அவருடைய அக்கா மகள். பகலெல்லாம் மருந்துக் கடையில் கால் கடுக்க நின்றுவிட்டு, மிச்ச நேரத்தில் அவளே எழுதி மெட்டமைத்த முதல் பாட்டைப் பதிவுசெய்ய வந்திருந்தாள். மெல்லிய குரல், ஆனால் கேட்டால் நெஞ்சை விட்டுப் போகாது. "இது எடுபடலேன்னா பாட்டையே விட்டுடுவேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் பாடினாள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு கிட்டாரை எடுத்தார்.

"சும்மா ஒரு சின்ன டச் குடுக்கறேம்மா."

சின்ன டச்சா அது? அவள் மூச்சு விடும் இடத்திலெல்லாம் ஒரு கிட்டார் இழுப்பு, விடாத இடத்தில் இரண்டு. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கேட்டுவிட்டு மாமா, "கிட்டார் கொஞ்சம் கம்மியா இருக்கே" என்றார்.

கூடத்தில் வேலை பார்த்த ஒலிப்பதிவாளர் இந்த இனத்தில் பலரைப் பார்த்தவர். அவர்களுக்காகவே மேசையில் 'தயாரிப்பாளர்' என்று சீட்டு ஒட்டிய குமிழ் ஒன்று வைத்திருந்தார். அதற்குப் பின்னால் ஒயரே கிடையாது. மாமா அதை மயிரிழை திருப்பி, கண்ணை மூடினார். "ஆங்! இப்பதான் கிட்டார் நிக்குது!"

"காதுன்னா உங்க காதுதான் சார்" என்ற அந்த மனிதர், மாமா கிளம்பியதும் கிட்டாரை மொத்தமாக வழித்தெடுத்துவிட்டார்.

பாட்டு வெளிவந்தது, ஊரே முணுமுணுத்தது. மாமா கண்டவரையெல்லாம் நிறுத்தி, "நடுவுல அந்தக் கிட்டாரைக் கேட்டீங்களா?" என்றார். "அடேயப்பா, பிரமாதம்!" என்றார்கள், வேலையைப் பார்க்கப் போகவேண்டுமே!

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்கா மகள் ஒருநாள் போட்டு உடைத்துவிட்டாள். "மாமா, அதுல உங்க கிட்டாரே இல்ல. என் பாட்டை நீங்க ஒரு தடவைகூட முழுசா கேக்கலையா?"

மாமாவுக்குத் திக்கென்றாகிவிட்டது. ஹெட்போனை மாட்டி, முதல் தடவையாக முழுசாகக் கேட்டார். பாவம், உண்மையாகவே அழுதார். "எவ்வளவு அழகா பாடியிருக்கேம்மா!" அவள் முகம் மலர்ந்தது. இதற்காகத்தானே அவள் அவரிடம் வந்தாள்! மாமா தொடர்ந்தார்: "இதக் கேக்கும்போது எனக்கு என்ன ஞாபகம் வருது தெரியுமா? என் மொதல் மேடையில நான் கிட்டாரை எடுத்து..."

அவள் எழுந்து போனது மாமாவுக்குத் தெரியாது. இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நேற்று உங்கள் மகள் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், "இது என்ன பெரிசு, எனக்கு ஒருதரம்..." என்று ஆரம்பித்தீர்களே, அவள் சொல்ல வந்தது என்னவென்று சொல்லுங்கள் பார்க்கலாம்.