மாட்டுக்காரர் வென்ற வேலி வழக்கு

மொன்ட்ரியால் நகரத்தில் ஒரு மாடுகூட இல்லாமல் முழுநேரமும் மாடு மேய்க்கிற ஒரே மனிதர் எங்கள் மாட்டுக்காரர்தான். செயின்ட்-மிஷேலில் உள்ள பாண் என்கிற ரொட்டி சுடும் ஒரு தொழிற்சாலையில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறோம். அவருடைய கை பாணைப் பையில் போடும். மனம் மேற்கு ஆபிரிக்காவில், கினி நாட்டு மலைகளில், பசுக்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்.

அவர் பரம்பரையாக மாடு மேய்க்கும் ஃபுலானி இனத்தவர். பொதி கட்டும் பகுதியில் பத்துப் பேரில் எட்டுப் பேர் யாழ்ப்பாணத்தார். எங்களுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கத்தான் அவர் முதலில் புறப்பட்டார். ஆறு வருடம் கழிந்தபோது அவர் நன்றாகத் தமிழ் கதைத்தார், நாங்கள் இன்னும் போன்ஜூர் என்ற வணக்கத்திலேயே நின்றோம். மாட்டுக்காரர் என்று நாங்கள் வைத்த பெயரை, டொக்டரை டொக்டர் என்று கூப்பிடுவதுபோல எடுத்துக்கொண்டார்.

பத்து மணித் தேநீர் இடைவேளையில் ஊரிலுள்ள தம்பிக்கு ஃபோன் எடுப்பார். முதலில் மாடுகளை நிறம் சொல்லி ஒவ்வொன்றாக விசாரிப்பார். தம்பியின் மனைவி, பிள்ளைகளின் சுகம் கடைசியில்தான் வரும். சில நாள் அதற்குள் மணி அடித்துவிடும். அந்தக் குடும்பம் எப்படித்தான் பொறுத்துப் போகிறதோ தெரியாது.

ஒருநாள் எதிரிலுள்ள டெப்பனர் என்கிற சின்னக் கடையில் பால் பெட்டியைத் தூக்கிப் பிடித்து, எங்கள் ஆளான கடைக்காரரிடம் கேட்டார்.

"தம்பி, இது எந்த மாட்டின்ரை பால்?"

"அண்ணை, திகதியைப் பாருங்கோ. வாற கிழமை வரைக்கும் நிக்கும்."

"திகதி கிடக்கட்டும். மாடு என்ன நிறம்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சூயிங்கம் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். அன்றிலிருந்து மாட்டுக்காரர் பால் விடாத வெறுந்தேத்தண்ணிதான் குடிக்கிறார்.

மெஷின் பழுதாகி நிற்கும் நேரங்களில் தன் மாவட்டத்தின் சரித்திரத்தை எடுத்துவிடுவார். முன்னோர்கள் மாடுகளோடு மலையேறி வந்தார்களாம். அங்கே ஏற்கெனவே பயிர் செய்கிற ஆட்கள் இருந்தார்களாம். கொஞ்சக் காலம் அடிபட்டுவிட்டு, பிறகு ஒத்துப்போனார்களாம். அறுவடை முடிந்த வயலில் மாடு அடித்தாளை மேயும், வயலுக்கு எரு கிடைக்கும். காலப்போக்கில் மாடு மேய்த்தவர்களும் தோட்டம் செய்யத் தொடங்கினார்கள்.

"எங்கடை இடத்திலை மாட்டைக் கட்டுறேல்லை, தம்பி. தோட்டத்தைச் சுத்தித்தான் வேலி கட்டுறது. நல்ல வேலியைப் பிரிச்சு மாடு உள்ளுக்குப் போனால் மாட்டுக்காரன்ரை பிழை. வேலி சரியில்லையெண்டால் தோட்டக்காரன்ரை பிழை."

வேலி என்ற சொல்லைக் கேட்டதும் எட்டு யாழ்ப்பாணத்தாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுக்காரன் துளிர்க்கிற வேலித்தடியான கதியாலை இரண்டு விரல் தள்ளி நட்டதற்காக வழக்குப் போட்டுக் கோடு ஏறிய பரம்பரை எங்களுடையது. இவர் நம்முடைய ஆள்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.

போன புரட்டாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஃபோன் பேசி முடித்தவர் அப்படியே இருந்துவிட்டார். தேநீர் ஆறிப் போனது. என்ன அண்ணை என்று கேட்டேன்.

"எங்கடை வெள்ளை நெத்திப் பசு அயலான்ரை சோளத்துக்குள்ளை இறங்கிட்டாள். அந்தாள் பிடிச்சுக் கட்டி வைச்சிருக்கிறான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிய ஊர்ப் பெரியாக்கள் கூடீனம். எங்கடை பக்கம் பிழையெண்டால் அவளை அவனுக்கே விட்டுக்குடுக்க வேணும். அவள் எங்கடை அம்மாவின்ரை மாடு. அவளுக்குப் பின்னாலைதான் பட்டியே நடக்கும்."

தம்பி அனுப்பிய வேலி வீடியோவைக் காட்டினார். எட்டுப் பேரும் அந்தச் சின்னத் திரையைச் சுற்றிக்கொண்டோம். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. ஒருத்தர் கதியாலில் துளிர் இருக்கிறதா என்று பார்த்தார். இன்னொருத்தர் கட்டின கயிற்றை ஆராய்ந்தார். எனக்கு மட்டும் வேலியில் மாடு நுழைந்த இடைவெளியின் அடியில் கண் நிலைத்தது.

"நிப்பாட்டுங்கோ. அண்ணை, இந்த நிலத்தைப் பாருங்கோ. புல்லே இல்லை, தேய்ஞ்சு மினுங்குது. ஒருநாள் மாடு பூந்தால் இப்பிடி வராது. இது சனம் நடந்து தேய்ஞ்ச பொட்டு. தண்ணிக்குப் போகத் தோட்டத்து ஆக்களே குறுக்கு வழி போட்டிருக்கினம்."

எங்களூரில் ஆள் நுழைகிற வேலி ஓட்டையான பொட்டைப் பற்றித் தெரியாதவர் கிடையாது. நாயும் நாங்களும் அதன் வழியாகத்தான் வளர்ந்தோம். மாட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஒரு நீதிபதிக்குரிய மரியாதை இருந்தது. இதற்குள் எங்கள் மேசையில் பாண் கழுத்தளவு குவிந்துவிட்டது. சூப்பர்வைசர் அம்மா பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னார். நல்லவேளை, எங்களுக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரம் தீர்ப்பு வந்தது. தம்பி எங்கள் கண்டுபிடிப்பைச் சொல்ல, பெரியவர்கள் போய் நிலத்தைப் பார்த்தார்களாம். தோட்டக்காரன் பொட்டை ஒத்துக்கொண்டானாம். வெள்ளை நெற்றி தண்டம் இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். நாங்கள் மீன் ரோல்ஸ் வாங்கிக் கொண்டாடினோம். என் வாழ்க்கையில் நான் வென்ற ஒரே வேலி வழக்கு அதுதான்.

திங்கட்கிழமை அவர் சாதாரணமாகச் சொன்னார், வெள்ளை நெற்றியின் பெண் நாகு கன்றைத் தோட்டக்காரனுக்குக் கொடுத்துவிட்டாராம். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"வெண்டாப்பிறகு ஏனண்ணை குடுத்தனீங்கள்?"

"வெண்டதாலைதான் குடுத்தனான். தோத்துக் குடுத்தால் அது தண்டம்."

"அவன்ரை வேலி பிழை. நான் கண்டுபிடிச்சுத் தந்தனான்."

"ஓம் தம்பி, வேலி பிழைதான். சோளம் போனதும் உண்மைதானே. அவனுக்கும் பிள்ளையள் இருக்கினம். அறுவடை முடிஞ்சால் என்ரை மாடு அவன்ரை வயலிலைதான் மேய வேணும்."

மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. வழக்கை நான் வென்று கொடுக்க, கன்றை அவர் தூக்கிக் கொடுப்பதா? மூன்று நாளும் அவர் எனக்கும் சேர்த்தே தேநீர் எடுத்து வைத்தார். நான் ஆறவிட்டேன். நான்காம் நாள், குளிர் காரணமாக, குடித்துவிட்டேன்.

பனி கொட்டத் தொடங்கிய ஒரு காலையில் இன்னொரு வீடியோ வந்தது. சோளம் அறுத்து முடிந்த வயல். தோட்டக்காரன் தன் கையாலேயே வேலியைத் திறந்து விடுகிறான். வெள்ளை நெற்றி முன்னால் நடக்கிறாள், பட்டி பின்னால் வருகிறது. வயலின் அந்தக் கரையிலிருந்து ஒரு கன்று பாய்ந்து ஓடி வந்து அவளோடு ஒட்டிக்கொண்டது. தாய் அதை நக்கியது. தம்பியும் தோட்டக்காரனும் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என் கண் கலங்கிவிட்டது. மாட்டுக்காரர் அதைக் கண்டும் காணாதவர்போல, தன்னுடைய தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்த பாணை எடுக்கப் போய்விட்டார்.

இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நேரில் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்குத் தமிழ் கதைக்கத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது என்ற துணிவில் இங்கே எழுதிவிட்டேன்.