கீழ்வீட்டு மணியும் நீ மாட்டிய சப்வூஃபரும்

அன்புள்ள மசாதகாவுக்கு,

உன் அத்தான் சுனெஹரு எழுதுவது. இங்கே மழைக்காலம் வந்துவிட்டது. அலமாரிக்குள் பூஞ்சை, என் முட்டியில் வலி. வேறு விருந்தாளி யாரும் இல்லை. உன் அக்காள் தொமொயோ நன்றாக இருக்கிறாள். சப்போரோவில் நீங்களாவது ஈரமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதன் சும்மா உட்கார்ந்தே செத்துவிடுவான் என்று பயந்து, கூடத்தைச் சுற்றி ஸ்பீக்கர்களை மாட்டி, சோபாவுக்குப் பக்கத்தில் அடி ஓசையை முழக்கும் அந்தக் கறுப்பு சப்வூஃபரையும் வைத்துவிட்டுப் போனாயே, அதன் கதையைக் கேள். டிவி செய்திக்கு அதன் லெவலைக் குறைத்து வை, சினிமா டிஸ்க் தட்டுக்குப் பூஜ்யத்தில் வை, கச்சேரித் தட்டில் அடி ஓசையைத் தாழ்த்திப் பதிந்திருப்பார்கள், அதற்கு மட்டும் பத்து ஏற்று, முடிந்ததும் மறக்காமல் இறக்கு என்றாய். ஒரு படம் பார்க்க இத்தனை சட்டமா? எங்கள் அலுவலகத்திலேயே இவ்வளவு கிடையாது. தட்டு எந்த வகை என்று கண்ணாடி போட்டுப் படித்து முடிப்பதற்குள் படத்தில் பாதிப் பேர் செத்துவிடுகிறார்கள். ஒருநாள் தொமொயோ கேட்ட மேளக் கச்சேரித் தட்டுக்கு ஏற்றியவன், இறக்க மறந்து, நீர்மூழ்கிக் கப்பல் படத்தைப் போட்டுத் தொலைத்தேன். முதல் குண்டு வெடித்ததும் தேநீர்க் கோப்பை மேசை விளிம்புவரை தானே நடந்து போயிற்று.

மறுநாள் காலையில் கீழ்வீட்டு ஹிகொசாகா அம்மாள் வாசலில் நின்றார். போன குளிர்காலத்தில் கணவரைப் பறிகொடுத்தவர். சரி, சண்டைதான் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டுக் கொடுக்கலாம் என்று வீட்டிலிருந்த இனிப்புப் பெட்டியைத் தேடினேன். அவரோ தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"எங்க வீட்டுப் பூஜை மாடத்துல அவர் படத்துக்கு முன்னால ஒரு மணி இருக்குங்க. நேத்து யாரும் தொடாமலே அடிச்சுது. அவர் என்னமோ சொல்ல வர்றார் போலிருக்கு."

அதெல்லாம் குண்டுச் சத்தம், உங்கள் வீட்டுக்காரர் இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? அன்றைக்கே லெவலைக் குறைத்தேன். ஆனால் குப்பை போடுகிற இடத்தில் அவர் தனியாக நிற்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அதிலிருந்து தினமும் மத்தியானம் பத்து ஏற்றி அதே கப்பலை மூழ்கடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு யுத்தப் படமே பிடிக்காதப்பா. எல்லாரும் செத்துப்போகிற கட்டத்தைப் பார்த்துவிட்டு எவனுக்குச் சோறு இறங்கும்? இதில் உன் அக்காள் வேறு, "செத்தவருக்குப் பதிலா அவர் பெண்டாட்டியைத் தினம் கூப்பிடறீங்க. உயிரோட இருக்கிற என்னை என்னிக்காவது கூப்பிட்டிருக்கீங்களா?" என்கிறாள்.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. நாகோயாவிலிருக்கும் ஹிகொசாகா அம்மாளின் மகள் ரியெ, வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்று அம்மாளை நெருக்குகிறாள். அவர் இங்கே மணி அடித்துக்கொண்டிருக்கும்போது நான் எப்படி வருவது என்று அம்மாள் மறுத்துவிட்டாராம். தொமொயோவிடம் அவரே சொல்லியிருக்கிறார். தள்ளாத வயது, வீட்டில் வேறு யாரும் இல்லை. ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தால் அந்தப் பாவம் யாருடையது? என்னுடையது, இல்லாவிட்டால் உன்னுடையது. நிறுத்தினால் மனமுடைந்து போவார், நிறுத்தாவிட்டால் இங்கேயே தனியாகக் கிடந்து சாவார். எனக்குத் தூக்கமே போயிற்று. நீ அடுத்த ரயிலிலேயே வந்து அந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டு போ. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசி. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். இந்த வயதில் நான் வேறு எதை வாழ்த்துவது?

இப்படிக்கு,
உன் அத்தான்
சுனெஹரு

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஹிகொசாகா அம்மாள் வந்தார். தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "முதல் நாளே தெரியுங்க. சத்தம் ஜாஸ்தின்னு நேரா சொல்ல வெக்கமா இருந்துச்சு. மணி அடிக்குதுன்னா புரிஞ்சுக்குவீங்கன்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா தினம் அடிக்க ஆரம்பிச்சுட்டீங்க. உயிரோட இருந்தப்பவே என்னை வாய் திறந்து கூப்பிடாத மனுஷன், செத்தா கூப்பிடப் போறார்?" என்றார். கிளம்பும்போது, "மத்த நாள்ல குறைச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமை என் மக, வீடு விக்கிற தரகரோட வர்றா. அன்னிக்கு மட்டும் அவங்கப்பா அந்த மணியில கொஞ்சம் பலமாவே சொல்லட்டும். நான் இந்த வீட்டை விட்டு எங்கேயும் போறதா இல்ல" என்றார். ஆகவே நீ வர வேண்டாம். சினிமாத் தட்டுக்குப் பத்துக்கு மேலேயும் ஏற்றலாமா என்று மட்டும் உடனே எழுது.