கேனில் வாங்க முடியாத கரண்ட்

தெரியாத விஷயத்தைப் பற்றித்தான் மனிதன் சத்தமாகப் பேசுவான். அன்றைக்கு நான் பேசிய சத்தம் செங்கம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

இருபத்திரண்டு வருடமாக டீசல் லாரி ஓட்டியவன் நான். எங்கள் முதலாளி குமரேசனிடம் ஆறு லாரிகள். ஓட்டுநர்களில் நான்தான் மூத்தவன் (வாயிலும்). ஒருநாள் அவர் ஷெட்டுக்குள் வெள்ளையாக ஒரு எலக்ட்ரிக் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்களாம். சரிப்பட்டால் ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம் என்றார். எங்களில் யாருக்கும் பிடிக்கவில்லை. மழையில் ஷாக் அடிக்கும் என்றான் ஒருவன். சத்தமே இல்லாத வண்டியில் தூக்கம் வந்துவிடும் என்றான் இன்னொருவன்.

வண்டியைப் பற்றி வகுப்பெடுக்க கம்பெனியிலிருந்து நிவேதா என்ற பெண் வந்திருந்தாள். என் மகளைவிட நாலு வயது கூட இருக்கலாம். பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். நான்தான் நடுவில் எழுந்தேன்.

"ஏம்மா, டீசல் தீந்துபோனா கேன்ல வாங்கியாந்து ஊத்துவோம். கரண்ட்டு தீந்துபோனா எதுல வாங்கியாரது? தூக்குலயா?"

ஷெட்டே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, "அடுத்து மலை இறங்குறதப் பத்திப் பாக்கலாம்ணா" என்றாள். (இறங்குறதுக்கு இன்னா பாடம்? பிரேக்க புடிச்சா இறங்குது!) ஷெட்டையே சிரிக்கவைத்த தெம்பில் நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் முதலாளி சாவியை என் கையிலேயே கொடுத்தார். மலைக்கு சிமென்ட் மூட்டை ஏற்றிப்போய், திரும்பும்போது புளி ஏற்றி வர வேண்டும்.

"அந்தோணி, நீ ஓட்டிக்கினு வந்து சொல்லு. உன் வார்த்தைதான் முடிவு."

வண்டி ஏறாமல் திணறும், போனில் படம் பிடித்துக் காட்டலாம் என்று ஆசையோடு கிளம்பினேன். அது பாட்டுக்கு ஏறியது. கொண்டை ஊசி வளைவுகளில் கியருக்காக என் இடது கை காற்றைத் துழாவியதுதான் மிச்சம். ஆனால் திரையில் சார்ஜ் எண் மட்டும் சரசரவென்று குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஏசியை நிறுத்தினேன். அப்புறம் ரேடியோ. கடைசியில் ஹாரனுக்கும் கரண்ட் செலவாகுமே என்று பயந்து, வளைவுகளில் தலையை வெளியே நீட்டி "ஏய்! ஏய்!" என்று கத்திக்கொண்டே திரும்பினேன். எதிரே வந்த ஷேர் ஜீப்காரர் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று வண்டியை நிறுத்தி, தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது முப்பத்தொன்று. கிளம்பும்போது தொண்ணூற்றிரண்டு. ஏற அறுபத்தொன்று ஆனால் இறங்கவும் அறுபத்தொன்று வேண்டும் என்பது என் கணக்கு. பாதி மலையில் நான் நிற்பதையும், என் சகாக்களே கயிறு கட்டி இழுப்பதையும் நினைத்துப் பார்த்து, புளி மூட்டை ஏற்றிய கையோடு சார்ஜ் போட இடம் தேடினேன்.

பக்கத்துக் குக்கிராமத்தில் செல்வி என்ற பெண் மாவு மில் வைத்திருந்தாள். மில் வாசலில் லாரியை நிறுத்தி, அவசரத்துக்கென்று வண்டியோடு கொடுத்திருந்த சார்ஜரைத் தூக்கிக்கொண்டு போய்க் கெஞ்சினேன்.

"இன்னாண்ணா, லாரிக்குப் போயி செல்லு மாதிரி சார்ஜ் கேக்குற?"

"பத்து நிமிசம் தங்கச்சி."

மில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பந்தலில் ஒரு குழந்தைக்குக் காதுகுத்து. மைக் செட் முழங்கியது. நான் பிளக்கைச் சொருகினேன்.

டப்!

மில் நின்றது. பாட்டு நின்றது. ஊர் முழுக்க ஃபேன்கள் நின்றன. திடீரென்று வந்த அமைதியில் காது குத்திய குழந்தையின் அழுகை மட்டும் மலையெல்லாம் எதிரொலித்தது. ஊரே வெளியே வந்து டிரான்ஸ்பார்மரைப் பார்த்தது. நானும் ஒன்றும் தெரியாதவன் போல அவர்களோடு நின்று பார்த்தேன். அதற்குள் குழந்தையின் தாய்மாமன் மில்லுக்குள் போய், கேபிளைப் பிடித்துக்கொண்டே வந்து லாரியில் முட்டி நின்றார்.

"லைன்மேன் வர ரெண்டு அவர் ஆவுமாம். செங்கத்துலேர்ந்து ஐஸ்கிரீம் பொட்டி எடுத்தாந்திருக்கிறோம். எல்லாம் உருகப்போவுது. இன்னா பண்ணலாம், நீயே சொல்லு!"

பயத்தில் நிவேதாவுக்கு போன் போட்டேன். என் போனில் ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும்.

"எத்தினி பர்சென்ட்ணா இருக்குது?"

"முப்பத்தொண்ணும்மா."

"அப்பறம் எதுக்குண்ணா சார்ஜு? இறக்கத்துல அதுவே ஏத்திக்கும். நீங்க டீ குடிக்கப் போனீங்களே, அப்ப அதத்தான் சொல்லிக்கினு இருந்தேன்."

ஊர் முழுக்கக் கேட்டது. செல்விதான் முதலில் சிரித்தாள். அப்புறம் பந்தலே சிரித்தது. எனக்கு லாரிக்கு அடியில் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்படியே ஓடிவர மனசு வரவில்லை. மோட்டார் ஓடாததால் சமையலுக்குத் தண்ணீர் இல்லை. அடிபம்பில் அடித்து அடித்து நானே குடம் குடமாகச் சுமந்தேன். உருகுவதற்குள் தீர்க்க வேண்டுமே என்று சாப்பாட்டுக்கு முன்பே எல்லோருக்கும் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். குழந்தை ஒரு வாய் வாங்கியதும் அழுகையை நிறுத்தியது. தாய்மாமன் எனக்கும் ஒரு கப்பை நீட்டினார்.

"துன்னுங்க. உங்க புண்ணியத்துலதான் புள்ள வாய மூடிச்சு."

லைன்மேன் வந்து கரண்ட் வந்த பிறகுதான் கிளம்பினேன். நான் இறங்க இறங்க எண் ஏறியது. முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று... அடிவாரத்தில் முப்பத்தெட்டு! வெட்கமாகவும் இருந்தது, குஷியாகவும் இருந்தது. கடைசி வளைவில் ஹாரனை நன்றாக அழுத்தி அடித்தேன்.

ஷெட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். "வண்டி எப்பிடி?" என்றார் முதலாளி. ஒரு பொய் சொன்னால் போதும், வண்டி திரும்பிப் போய்விடும். வாயில் வரவில்லை.

"வண்டி நல்லாதாங்க கீது. டிரைவருக்குத்தான் சர்வீஸ் பண்ணணும்."

இப்போது எங்களிடம் இரண்டு எலக்ட்ரிக் லாரிகள். ஒன்றை நான் ஓட்டுகிறேன். சார்ஜ் போட வரிசையில் நிற்கும்போது இன்றைக்கும் திட்டத்தான் செய்கிறேன். ஆனால் நிவேதா வகுப்பெடுக்க வந்தால் முடியும் வரை நான் டீக்கடைப் பக்கம் திரும்புவதில்லை.

விஷயம் எப்படியோ மலை இறங்கி எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் எப்போது கரண்ட் போனாலும் யாரும் மின்வாரியத்துக்கு போன் செய்வதில்லை. முதலில் என் மனைவி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "அக்கா, வூட்ல அண்ணன் இன்னாத்த சொருவிட்டாரு?" என்றுதான் கேட்கிறார்கள்.