மிஸ்ஸியிடம் காட்டிய வித்தை

என் மனைவியை ஒரே ஒரு தடவை வாய் பிளக்க வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். கொட்டாவியில் அல்ல. அது தினமும் நடக்கிறது, பெரும்பாலும் நான் பேசும்போது. ஆச்சரியத்தில் பிளக்க வேண்டும்.

இந்த ஆசை வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் கால்வின். தம்போயில் ஒரு லாரிப் பட்டறையில் உதிரிப் பாகங்கள் எடுத்துக் கொடுக்கும் வேலை. என் குரல் சன்னம். “பிரேக் பேட் தீர்ந்துபோச்சு” என்று நான் சொன்னால், எதிரே நிற்பவர் “சரி, ரெண்டு செட் குடுங்க” என்பார். அப்படிப்பட்ட குரல்.

ஒருநாள் தேநீர் வேளையில் எங்கள் மெக்கானிக் மகேஸ்வரன், கிரீஸ் அப்பிய உள்ளங்கையில் ஓர் ஐம்பது சென் காசை வைத்தான். மூடினான். ஊதினான். திறந்தான். காசு இல்லை.

டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம்கூட மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. காசு எங்கே போனது என்பது இருக்கட்டும். அது போன பிறகு, சுற்றி நின்ற ஆறு முரட்டு ஆள்களின் முகமும் ஆறு வயதுப் பிள்ளைகளின் முகமாக மாறிப்போனதே, அதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. கத்தவில்லை, அதட்டவில்லை. ஓர் ஊதல். அவ்வளவுதான். இது என் குரலுக்கு ஏற்ற தொழில் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

அன்றைக்கே சீட்டுக்கட்டு வாங்கினேன். கைப்பேசியில் காணொளி, குளியலறையில் கண்ணாடி, மூன்று மாதம் தவம். காசை உள்ளங்கைச் சதையில் இடுக்கிக்கொண்டு, கையில் ஒன்றுமே இல்லாதவன் போல விரல்களைத் தளர விட வேண்டும். முதல் மாதம் முழுக்கக் காசு விழுந்தது. சோப்புத் தண்ணீரில் விழுந்தது. பஸ்ஸில் விழுந்தது. தேவாலயத்தில் காணிக்கைப் பை என்னைத் தாண்டிப் போன நேரம் பார்த்து விழுந்து, நான் குனிந்து பொறுக்க, பின்வரிசையில் யாரோ “போட்டதைத் திரும்ப எடுக்குறான் பாரு” என்றார்கள்.

பிறகு ஒரு காலையில் அது நடந்தது. கண்ணாடியில் இருந்தவன் ஊதினான். கையைத் திறந்தான். காசு இல்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு கணம் அவனை நம்பிவிட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஓடினேன் ஜெரால்டினிடம்.

“ஜெரி, இங்க பாரு. காசு. மூடுறேன். இப்ப ஊதப் போறேன்…”

“வலது கை. கட்டை விரலுக்குக் கீழ.”

“நான் இன்னும் ஊதவே இல்லையே!”

“ஊதிட்டு இங்க குடுங்க. நாசி லெமாக் வாங்கச் சில்லறை இல்ல.”

சீட்டை எடுத்தேன். “அடியில இருந்து ரெண்டாவது” என்றாள். ரப்பர் வளையத்தை விரல் விட்டு விரல் தாவ வைத்தேன். “உள்ள நாலு விரலையும் மாட்டி வச்சிருக்கீங்க” என்றாள். தேக்கரண்டியை வெறும் பார்வையால் வளைத்தேன். “அது எங்க அம்மா குடுத்த செட்டு. மரியாதையா நேராக்கி வைங்க.”

இத்தனைக்கும் பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா என் காசு வித்தையைப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் கழுத்துச் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் என்னிடம் பேசினார். அதுவல்லவா மரியாதை!

“எப்படி ஜெரி கண்டுபிடிக்கிற?”

“நான் கையையே பாக்குறதில்லங்க. மூஞ்சியத்தான் பாக்குறேன். காசு இருக்குற பக்கம் பாத்துடக் கூடாதேன்னு நீங்க படுற பாடு இருக்கே, பாவமா இருக்கும்.”

இந்த இடத்தில் ஜெரால்டினின் வேலையைச் சொல்ல வேண்டும். அவள் பல் மருத்துவமனையில் தாதி. எங்கள் பக்கத்தில் தாதியை மிஸ்ஸி என்போம். பாலோவில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை பல் பார்க்கும் மிஸ்ஸி வருவார். அவர் பெட்டியைத் திறப்பதற்குள் நான் பின்பக்கம் செம்பனைக் காட்டுக்குள் பாதி தூரம் போயிருப்பேன். ஊசி என்று எழுதும்போதே இப்போதும் கை வியர்க்கிறது. அப்படிப்பட்டவன் கடைசியில் ஒரு மிஸ்ஸியையே கட்டிக்கொண்டேன்.

அவளிடம் நான் எதையும் மறைத்துவிடலாம், பல்லைத் தவிர. இடது கீழ்க் கடவாய்ப் பல் எட்டு மாதமாகச் சொத்தை. எல்லாவற்றையும் வலது பக்கமே மென்று, வலது கன்னம் மட்டும் தடித்து வந்தது. ஐஸ் தண்ணீர் குடிக்கும்போது தலையைச் சாய்ப்பேன். அவள் பார்ப்பாள்.

“இன்னும் எத்தன நாளைக்கு? சீழ் வச்சா தாடையே வீங்கும் லா.”

“அது ஆடுது, தானே விழுந்துடும்.”

“தானா விழுறது பால் பல்லு. உங்களுக்கு முப்பது வயசு.”

அந்த வாரம் அவளே ஒரு பந்தயம் கட்டினாள். “ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரே ஒரு வித்தையில என்னை ஏமாத்துங்க. நான் ஏமாந்துட்டா, ஒரு வருஷத்துக்கு உங்க பல்லப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஏமாறலேன்னா திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு நாற்காலி.”

“ஊசி?”

“ஊசி.”

பயம் மனிதனை மேதையாக்கும். அன்றிரவே திட்டம் தயார். அதே மாதிரி இன்னொரு சீட்டுக்கட்டு வாங்கினேன். சிவப்பு இதயம் ஏழு போட்ட சீட்டை அதிலிருந்து உருவி, ஒரு மூலையைக் கிழித்து என் சட்டைப் பையில் வைத்தேன். மூலையில்லாத சீட்டை பிளாஸ்டிக்கில் சுற்றி, எங்கள் தாமான் குடியிருப்பு முனையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கும் மலாய்க்கார அக்கா காக் யாவிடம் நீட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பொட்டலத்தில் சோற்றுக்கு அடியில் இதை வைக்க வேண்டும். மற்றவற்றுக்குச் சிவப்பு ரப்பர், இதற்கு மட்டும் நீல ரப்பர்.

காக் யா சீட்டைக் கண்டதும் ஓரடி பின்னால் போனார். “சூதாட்டமா?” என்று மலாயில் கேட்டார்.

“இல்ல காக். பொண்டாட்டிய ஏமாத்த.”

முகம் இன்னும் கடுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து பல்லைக் காட்டிக் கதையைச் சொன்னேன். எட்டிப் பார்த்தார். “அலமாக்” என்றார். இரக்கப்பட்டு வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் இரண்டு பொட்டலம் வாங்கினோம். நீல ரப்பர் பொட்டலத்தை மேசை நடுவில் வைத்தேன். “யாரும் தொடக்கூடாது.”

சீட்டுகளை விரித்தேன். அவள் விருப்பப்படி எடுத்தாள், அதாவது நான் எடுக்க வைத்த இதயம் ஏழை எடுத்தாள். மூலையைக் கிழிக்கச் சொன்னேன். கிழித்தாள். அதை வாங்கி, சட்டைப் பையிலிருந்த என் மூலையை மாற்றி அவள் கையில் மூடி வைத்தேன். அவள் கிழித்த சீட்டின் மிச்சத்தை மறைத்தேன். எப்படி என்று கேட்காதீர்கள். அதன் மேல் உட்கார்ந்திருந்தேன்.

“இப்ப பொட்டலத்தப் பிரி.”

பிரித்தாள். சோறு. சம்பால். பாதி முட்டை. நெத்திலி. சோற்றுக்கு அடியில் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்குள் இதயம் ஏழு. கையிலிருந்த மூலையைக் கொண்டுபோய் வைத்தாள். கிழிசலோடு கிழிசல் பொருந்தியது.

ஜெரால்டின் வாய் பிளந்தாள்.

அந்த அழகை எப்படிச் சொல்வேன்! மேல்வரிசை, கீழ்வரிசை, உள்நாக்கு வரை தெரிந்தது. எட்டு மாதமாக என் வாயைத் திறக்கச் சொல்லித் துரத்தியவளின் வாய், என்னால், என் இரண்டு கையால் திறந்து கிடந்தது. நான் செய்ததை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

“எப்படிங்க?”

“வித்தைக்காரன் சொல்லக்கூடாது” என்றேன். முதல்முறையாக என் குரல் அடுப்படிச் சுவரில் போய் மோதித் திரும்பி வந்தது.

அவள் வார்த்தை மாறவில்லை. பல்லைப் பற்றி மூச்சு விடவில்லை. மாலையில் மட்டும் மெதுவாக வந்து உட்கார்ந்தாள்.

“ஒரு உதவிங்க. எங்க கிளினிக்குக்கு உலகப்பன் ஐயான்னு ஒருத்தர் வர்றாரு. மீசையப் பாத்தா புலி. நாற்காலியப் பாத்தா நடுங்குறாரு. மூணு தடவ வந்து திரும்பிப் போயிட்டாரு. உங்க வித்தையப் பாத்தா மனசு லேசாகும். நாளைக்குக் காலைல வர்றீங்களா?”

என் கலை ஒருவருக்கு மருந்தாகப் போகிறது! அரைநாள் விடுப்பு எடுத்தேன்.

உலகப்பன் ஐயா காத்திருக்கும் அறையில் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். காசை மறைத்தேன். “ஐயோ!” என்றார். ரப்பரைத் தாவ வைத்தேன். “ஐயய்யோ!” என்றார். சீட்டைச் சரியாகச் சொன்னதும் எழுந்து என் கையையே பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீங்க சாதாரண ஆளில்ல. உங்களுக்கெல்லாம் பயமே கிடையாதுல்ல?”

“பயமா? எனக்கா?”

“அப்ப நீங்க முதல்ல அதுல உக்காந்து காட்டுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலேன்னா நானும் உக்காருறேன்.”

அறையில் ஏழெட்டுப் பேர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெரால்டின் மட்டும் பார்க்கவில்லை. ஏதோ அட்டையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்தேன். சும்மா உட்காரத்தான். நாற்காலி பின்னால் சாய்ந்தது. டாக்டர் நர்மதா வாயைத் திறக்கச் சொன்னார். சும்மா பார்க்கத்தான். கதவோரம் அந்தப் புலிமீசை கண்கலங்கி நின்றது.

“இது எடுக்க வேண்டியதுதான். எடுத்துடலாமா கால்வின்?”

“தம்பி பயப்படுறாரா?” என்றது மீசை.

“எடுங்க டாக்டர்” என்றது யாருடைய குரலோ. என்னுடையதுதான்.

ஊசியைப் பார்த்துவிட வேண்டும் என்று கண்ணை அகல வைத்துக்கொண்டேன். பார்க்கும் ஊசி பாதி ஊசி. தட்டில் இல்லை. டாக்டர் கையில் இல்லை. ஜெரால்டின் ஒரு கையால் என் கன்னத்தை லேசாக ஆட்டிக்கொண்டே, “அந்த விளக்குக்குப் பின்னால பல்லியா அது?” என்றாள்.

மூன்று மாதம் படித்தவன் நான். வலது பக்கம் பார்க்கச் சொன்னால் காரியம் இடது பக்கம் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரியும். ஆனாலும் பல்லியைத் தேடினேன்.

தேடி முடிப்பதற்குள் உதடு மரத்திருந்தது. என் தாடைக்குக் கீழே, அவள் கையிலிருந்து டாக்டர் கைக்கும் டாக்டர் கையிலிருந்து அவள் கைக்கும் ஊசி போய் வந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. தினமும் பத்துப் பேருக்கு, கைதட்டல் இல்லாமல், கண்ணாடி முன் நின்று பழகாமல், இதைச் செய்கிறாள். அந்த விளக்கடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். முகமூடிக்கு மேலே இரண்டு கண். அதில் எதுவுமே தெரியவில்லை. ஊசி எந்தப் பக்கம் இருந்தது என்று அந்தக் கண்ணைப் பார்த்து எந்த மகேஸ்வரனாலும் சொல்லியிருக்க முடியாது. அப்போது உடம்பு சிலிர்த்தது பயத்தால் அல்ல.

பல் எப்போது போனது என்றும் தெரியாது. தட்டில் ‘டங்’ என்றது.

பஞ்சைக் கடித்துக்கொண்டு வீரனாக எழுந்தேன். “ஐயா, இப்ப நீங்க” என்று கை காட்டினேன்.

உலகப்பன் ஐயா நிதானமாக வந்தார். நடுக்கம் இல்லை. வாய்க்குள் விரலை விட்டு, மேல்வரிசை முழுவதையும் கழற்றினார். கீழ்வரிசை முழுவதையும் கழற்றினார். இரண்டையும் ஜெரால்டின் கையில் கொடுத்தார்.

“ஓரம் கொஞ்சம் குத்துதும்மா. தேச்சுக் குடு.”

அவர் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. பதினோரு வருடமாகக் கிடையாதாம்.

நான் ஜெரால்டினைப் பார்த்தேன். “உங்க பல்லப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசினேனா?” என்றாள். பேசவில்லை. சத்தியமாகப் பேசவில்லை. அப்போதுதான் எனக்குள் வேறொன்று குத்தியது.

“ஜெழி… ஞாயித்துக்கெழம… நீ நெஷமாவே ஏமாந்தியா?”

“பேசாதீங்க” என்றாள் என் மனைவி, “பஞ்சு விழுந்துடும்.”