கடவுள் தின்ற பேரிக்காய்

கடவுளாக நடிக்கிறவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் மேடையேற வேண்டும். இந்த ஞானம் எனக்குத் தாமதமாக வந்தது.

வெள்ளைக்காரன் காலம். கொடைக்கானலில் எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகைக்கு ஏதேன் தோட்ட நாடகம். தொண்டை பெரிது என்பதால் எனக்குக் கடவுள் வேஷம் (வேறு தகுதி ஒன்றும் கிடையாது). அன்றைக்குப் பார்த்தா, எனக்குப் பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்த வடகவுஞ்சி ஊர்க்காரர் தன் மகள் எஸ்தரோடு முன்வரிசையில் வந்து உட்கார வேண்டும்? மாப்பிள்ளை பொறுப்பானவனா என்று பார்க்க வந்தாராம். எஸ்தர் என்றால் எனக்கு உயிர். அவர்கள் வருவதாகக் கேள்விப்பட்ட பயத்தில் காலையிலிருந்து கஞ்சிகூட இறங்கவில்லை.

மேடையில் நட்ட கிளையில் ஒரே ஒரு பேரிக்காய். பின்னால் கம்பளித் திரை, அதற்குப் பின்னால் முக்காலி மேல் நான். "இந்தக் கனியைப் புசிக்க வேண்டாம்!" என்று முழங்கினேன். பழமோ திரை இடுக்கில் என் மூக்குக்கு நேரே தொங்கியது. பாம்பு வசனம் பேசுகிற நேரத்தில் கையை நீட்டிப் பறித்து, ஒரே ஒரு கடி என்றுதான் கடித்தேன். அடடா, என்ன ருசி! காம்புதான் மிஞ்சியது.

ஏவாள் (என் கூட்டாளி தங்கையா, அவன் அக்காள் சேலையில்) கிளையைத் தடவித் தடவிப் பார்த்து முழித்தான். நானும் விடாமல், வாய் நிறையப் பழத்தோடு, "கனியைப் புசித்தாயோ?" என்று அதட்டினேன்.

தங்கையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க திங்கலங்க சாமி! திங்காததுக்கு எங்கள எதுக்கு வெரட்டுறீங்க?"

கூட்டத்தில் பூண்டு விவசாயி ஒருவர் எழுந்தார். "நாயந்தானே? சாமி, நீங்க வாயத் தொறந்து காட்டுங்க!"

தங்கையா திரையை இழுத்தான். என் ஒட்டுத்தாடியெல்லாம் பழச்சாறு.

"நான்தான் தின்னேன். பசி."

"அப்பச் சாமிதான் தோட்டத்த விட்டு வெளிய போகணும்!" என்றது கூட்டம். போனேன். ஆதாமும் ஏவாளும் ஏதேனிலேயே சுகமாக இருந்தார்கள்.

வாசலில் எஸ்தரின் அப்பா அவளிடம், "இந்தத் தீனிப்பண்டாரத்துக்கா பொண்ணு? வெரசாக் கெளம்பு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எஸ்தர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏம்ப்பா, வேதத்துல ஆதாம் பொண்டாட்டி மேல பழியப் போட்டாரு. அவ பாம்பு மேல போட்டா. நான்தான்னு ஒத்துக்கிட்டது இவுக ஒருத்தருதான?"

அவர் தன் துண்டை எடுத்து, தாடியைத் துடைக்கும்படி என்னிடம் நீட்டினார். தை மாதம் கல்யாணம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதிரசம் குறைந்தால் பேரப்பிள்ளைகள் வேறு யாரையும் விசாரிப்பதில்லை. நேரே என்னிடம் வந்து, "சாமி, வாயத் தொறங்க!" என்கிறார்கள்.

நான் திறக்கிறேன். தின்றது பெரும்பாலும் எஸ்தர்தான்.