ஓரியன் நெபுலாவும் ஒரு கரண்ட் கட் நோட்டீஸும்

இந்தத் தை அமாவாசைக்குள் ஓரியன் நெபுலாவைப் படம் பிடித்து என் மனைவி கௌசியின் முன்னால் போடாவிட்டால் என் பெயர் நாகரத்தினம் இல்லை. இப்படித்தான் சபதம் போட்டேன். மனதுக்குள் போட்டிருந்தால் பிழைத்திருப்பேன். சத்தமாகப் போட்டுவிட்டேன்.

நெபுலா என்றால் என்னவென்று தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். போன ஐப்பசி வரை எனக்கும் தெரியாது. வானத்தில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குப் பக்கத்திலே மங்கலாக ஒரு புள்ளி. வெறுங்கண்ணுக்கு அழுக்கு மாதிரி இருக்கும். அது அழுக்கு இல்லை. ஆயிரத்து முந்நூறு ஒளியாண்டுக்கு அப்பால் நட்சத்திரங்கள் பிறக்கிற பிரசவ வார்டு. முதல் தடவை அதைத் தொலைநோக்கியில் பார்த்தபோது உடம்பெல்லாம் புல்லரித்தது. லிந்துலை பஜாரில் பதினாறு வருஷமாக ஆணியும் பெயிண்டும் பல்பும் விற்கிறவன் நான். எவனைப் பார்த்தும் வாயடைத்ததில்லை. அன்றைக்கு அடைத்தது.

தொலைநோக்கியை நுவரெலியாவில் ஒரு விடுதியில் வாங்கினேன். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு வெள்ளைக்காரன் விற்றான். வானத்தோடு கூடவே மெல்லத் திரும்புகிற மோட்டார் ஸ்டாண்ட், மேலே மாட்ட ஒரு பழைய கேமரா, எல்லாம் சேர்த்து. அவன் பாஷை எனக்குத் தெரியாது. என் பாஷை அவனுக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்றரை மணித்தியாலம் பேரம் பேசினேன். பதின்மூன்று வயதில் நானுஓயா ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவனுக்கு பாஷை எதற்கு? கடைசியில் அவன் தடியாக ஒரு விளக்கப் புத்தகத்தை எடுத்து நீட்டினான். புத்தகம் வேண்டாம், அதற்குரிய விலையைக் கழி என்று சைகை காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டு கழித்தான். அந்த வெற்றியை நினைத்து வீடு வரும் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

எந்தத் திருகாணி எதற்கு என்று கண்டுபிடிக்க ஒன்றரை மாதம் ஆனது.

அதற்குப் பிறகுதான் உண்மையான வில்லன் தெரிந்தது. வெளிச்சம். எங்கள் வீட்டு மொட்டைமாடி சிலாப்பில் நின்றால் எதிர்ச் சரிவில் தேயிலைத் தொழிற்சாலை. பறித்த கொழுந்து வாட வேண்டும், அதற்காக நடுராத்திரி வரைக்கும் மாடிக்கு மாடி லைட். அதற்குக் கீழே தோட்டத் தொழிலாளர் லயத்திலும் புது வீடுகளிலுமாக நாற்பது வாசல், நாற்பது வெள்ளைப் பல்பு. நாற்பதும் என் கடையில் வாங்கியது. நானே பேசிப் பேசித் தலையில் கட்டியது. அந்த வெளிச்சத்தில் நெபுலாவைப் படம் எடுத்தால் அரிசி கழுவின தண்ணியைப் படம் எடுத்த மாதிரி வருகிறது. பத்தரை, பதினொன்றுக்குத்தான் சனங்கள் அணைக்கிறார்கள், தொழிற்சாலை அதற்கும் பிறகு. விடிய நாலு மணிக்கு எழுந்து சாமான் லொறிக்குப் போகிறவன் அதுவரை எப்படி உட்கார்ந்திருப்பது?

இதற்கிடையில் கௌசிக்கு அந்த சிலாப் வேண்டும். துணி காயப்போட. கொடியில் சேலை ஆடினால் ஸ்டாண்டும் ஆடுகிறது என்று நான் கத்துவேன். ஒரு நாள் ஈரத்துணி வாளியோடு படியிலேயே நின்றுவிட்டாள்.

"இங்க பாருங்க. ஒரு அமாவாசை டைம் தர்றேன். அதுக்குள்ள ஒழுங்கா ஒரு படம் எடுத்துக் காட்டுங்க. இல்லன்னா அந்தக் கொழாய எங்கிட்டக் குடுத்துடணும். நான் அத என்ன செஞ்சாலும் ஏன்னு கேக்கக் கூடாது."

"ரெண்டு அமாவாசை."

"ஒண்ணு."

"சரி, ஒன்றரை."

"அமாவாசையில அரைவாசி எப்புடிங்க?"

நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வந்தது. நியாயமான கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில்தான் மேலே சொன்ன சபதத்தைப் போட்டேன். அவள் அதைக் கைபேசியில் பதிந்துகொண்டாள்.

குழாய் அவள் கைக்குப் போனால் என்ன ஆகும்? பழைய சாமான்காரனிடம் போட்டு இட்லிச் சட்டி வாங்குவாள். இல்லையென்றால் பீன்ஸ் கொடி ஏற நட்டுவிடுவாள். இரண்டு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தை அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை காலை, மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து ஒரு நோட்டீஸைக் கொடுத்தார். கடைச் சுவரில் ஒட்டச் சொன்னார். படித்தேன். திருத்த வேலை காரணமாக ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை முதல் பத்து வரை எங்கள் பக்கம் முழுக்க மின்சாரம் இருக்காது.

மறுபடி படித்தேன். ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. நிலா இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கொழுந்து இல்லை, கொழுந்து இல்லையென்றால் தொழிற்சாலை இருட்டு. இப்போது நாற்பது பல்பும் அவுட். அதுவும் நான் விழித்திருக்கிற நேரத்தில். வானமே இறங்கி வந்து என்னிடம் பேரத்துக்கு ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். நோட்டீஸை ஒட்டினால் சனங்கள் உஷாராகிவிடுவார்கள். சார்ஜ் லாம்பு கேட்டு வருவார்கள். என் வீட்டு ஸ்டோர் அறையில் நாற்பத்தெட்டு லாம்பு ஒரு வருஷமாக விலை போகாமல் கிடக்கிறது. ஒட்டினால் ஒரே நாளில் காலி. ஐயா, என் வாழ்க்கையில் வருகிற வியாபாரத்தை நான் வாசலில் நிறுத்தியதே இல்லை. கை அரித்தது. ஓரியனை நினைத்தேன். நோட்டீஸை நாலாக மடித்து மூன்று இஞ்சு ஆணிப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். விஞ்ஞானத்துக்கு நான் செய்த தியாகம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்றங்கரையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைத்தேன். அவர் ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்று கேட்பதுதான் முறை. மேகம் வரக் கூடாது என்று கேட்டேன். அப்பா கேட்டுக்கொண்டார். பொழுது சாயும்போது வானம் துடைத்துவிட்ட பீங்கான் மாதிரி இருந்தது. ஒரு துளி மூடுபனி இல்லை.

ஏழு மணிக்கே சிலாப்பில் ஏறிவிட்டேன். மோட்டாருக்குப் பழைய வேன் பட்டரி. மடிக்கணினி முழுச் சார்ஜ். இரண்டு கம்பளிக் குல்லா. ஓரியன் என்கிற வேட்டைக்காரன் கிழக்கே மலைக்கு மேல் நிமிர்ந்து நின்றான். வேட்டைக்காரனும் ரெடி, நானும் ரெடி.

ஏழரை. பட்டென்று போனது கரண்ட்.

என்ன சொல்வேன். மலை காணாமல் போனது. லயம் காணாமல் போனது. என் கையே எனக்குத் தெரியவில்லை. மேலே பார்த்தால், இத்தனை நாளும் இவ்வளவையும் யார் ஒளித்து வைத்திருந்தது? ஒரு நட்சத்திரத்துக்கும் அடுத்த நட்சத்திரத்துக்கும் நடுவில் ஆணி அடிக்க இடமில்லை. பட்டனை அமுக்கினேன். அரை நிமிஷம். திரையில் வந்தது. ரோஸ் நிறத்தில், இரண்டு சிறகு விரித்து, ஒரு பறவை. நான் அந்த இடத்திலேயே குதித்தேன். ஸ்டாண்டும் குதித்தது. பரவாயில்லை, இரண்டு மணித்தியாலம் இருக்கிறது. இப்படியே படத்துக்கு மேல் படமாக எடுத்து, கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் போதும்.

அப்போது எதிர்ச் சரிவில் ஒரு வெளிச்சம்.

பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. அதற்கு மேலே மூன்று. கண் மூடித் திறப்பதற்குள் முழுச் சரிவும் பளபளவென்று தேர்த் திருவிழா மாதிரி. பழைய பல்புகளை விடப் பிரகாசம். எனக்கு அந்த நீல வெள்ளை நிறம் தெரியும். அந்த வளைந்த கைப்பிடி தெரியும். நாற்பத்தெட்டு பெட்டியையும் நான் என் கையால் அடுக்கியவன்.

முதல் வீடு அழகம்மாவுடையது. கொழுந்து பறிக்கிற பெண், தொண்டை பெரியது. அவளை விடப் பெரிய தொண்டையில் கத்தினேன்.

"அழகம்மா, அந்த லைட்ட அணைச்சுத் தொலை."

"என்னங்க மொதலாளி, நீங்கதானே குடுத்துவிட்டீங்க? கரண்ட்டு போகப்போகுது, பாவம் சனங்க இருட்டுல கெடக்கும்னு சொன்னீங்களாம். மக கைப்புள்ளையோட வந்திருக்கா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

புண்ணியம் கௌசி உருவத்தில் படியேறி வந்தது. ஒரு கையில் தேத்தண்ணி, மறு கையில் நாற்பத்தெட்டாவது லாம்பு.

"இவ்வளவையும் வித்தது யாரு?" என்றேன்.

"நாந்தாங்க. வியாழக்கெழம மத்தியானம் சோறு கொண்டாந்தேன்ல, நீங்க உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப ஒருத்தர் மூணு இஞ்சு ஆணி கேட்டாரு. பெட்டியத் தொறந்தேன்."

"எங்கிட்டக் கேக்காம எப்படி விக்கலாம்?"

"நோட்டீஸ ஏன் மறைச்சீங்கன்னு நானும் கேக்கலாம். இங்க கேக்கவா, கீழ எறங்கிப் போய் எல்லாரு முன்னாலயும் கேக்கவா?"

தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன். சூடு தெரியவில்லை.

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். நான் எடுத்த ஒரே ஒரு படம். ஒரு சிறகு சரி. மறு சிறகு, நான் குதித்ததில், நாலு சிறகாகத் தெரிந்தது. அடுத்த அமாவாசை வரை தவணை கேட்டேன். அரை அமாவாசை கேட்டேன். அரை மணித்தியாலம் கேட்டேன். அவள் கைபேசியை எடுத்து என் சபதத்தை எனக்கே போட்டுக் காட்டினாள். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. குழாயை ஒப்படைத்ததற்கு அடையாளமாகக் கேமராவின் ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் அதே கைபேசியில் லயத்துப் பொம்பளைகள் குழுவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள். சொன்ன மாதிரி கொஞ்ச நேரம் அணைச்சு வையுங்க, புள்ள அழுதா மட்டும் போட்டுக்குங்க. அவ்வளவுதான். எதிர்ச் சரிவில் லாம்பு ஒவ்வொன்றாகக் கண்ணை மூடியது. வானம் திரும்பி வந்தது.

என்ன இருந்தாலும் பெண்டாட்டி. மனம் இரங்கிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவின் பக்கம் போனேன்.

"கொஞ்சம் தள்ளுங்க."

குனிந்தாள். ஒரு திருகு, இன்னொரு திருகு. நான் அரை மணித்தியாலம் போராடுகிற ஃபோகஸ், அரை நிமிஷத்தில் ஊசி முனை மாதிரி நின்றது. எங்கே படித்தாய் என்று கேட்டேன்.

"ஒங்ககிட்டத்தான். நீங்க திட்டிக்கிட்டே எந்தப் பக்கம் திருகுறீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்கு மறுபக்கம் திருகுனேன்."

மடிக்கணினியில் ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். அதில் ஓரியன் நெபுலா. ரோஸ், ஊதா, நடுவில் பொன் மாதிரி வெளிச்சம், சிறகின் ஒவ்வொரு இழையும் எண்ணலாம். கீழே தேதி, போன மார்கழி அமாவாசை. நேரம் இரவு ஒன்று இருபது.

ஆத்திரப்படத்தான் நினைத்தேன். முடியவில்லை. படம் அவ்வளவு அழகு. எப்படி எடுத்தாய், அத்தனை வெளிச்சத்தில் எப்படி என்று மட்டும் கேட்டேன்.

"ஊரெல்லாம் லைட்ட அணைச்சிட்டுத் தூங்குற வரைக்கும் காத்திருந்து எடுத்தேங்க. அந்த ஊருல நீங்களும் ஒரு ஆளு." ரிமோட்டை அமுக்கினாள். "அந்தக் கொடைய எடுத்து இதுக்கு மேல விரிச்சுப் புடிங்க. கண்ணாடியில பனி எறங்குது."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணித்தியாலம்."

"ஒன்று" என்றேன். அவள் ரிமோட்டை மறுபடி அமுக்கினாள். குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.