வேனின் மூளைக்கு நான் பூசிய திருநீறு

அச்சத்தை இறைவன் திருவடியில் இறக்கி வைத்தவனுக்குக் கலக்கமே இல்லை என்னும் கருத்துடைய பதிகங்களை இளமை முதல் பாடி வருகிறேன். பாடுவது ஒன்று. சம்பந்தி வீட்டாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, நடுச்சாலையில் உயிர்விட்ட வேனின் சாவியைத் திருகுவது முற்றிலும் வேறொன்று. அந்த வேற்றுமையைப் புனே விமான நிலையத்து லோஹேகாவ் சாலையில் நான் உணர்ந்தேன். (உணர்ந்தேன் என்ன உணர்ந்தேன், வேட்டியெல்லாம் வியர்த்துவிட்டது.)

புனேக்கு அருகே நிக்டியில் எங்கள் வழிபாட்டு மன்றத்து அடியார்களை ஏற்றி இறக்கி முதுமையடைந்த வேன் அது. கொஞ்ச நாளாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். சற்றுப் பொறுத்து, ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். மெக்கானிக் கணபத் ஆராய்ந்து, எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் பழுது என்றார். அப்படியொரு ஆட்சி அதனுள் நடப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். புதியது கிடைக்கவில்லை. காயலான் கடையிலிருந்து அதே வகை வேனின் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்.

"காகா, இதுக்குப் பழைய வண்டி ஞாபகம் இருக்கும். லேப்டாப்காரர் அதை அழிச்சு, உங்க சாவியைப் பழக்கிக் கொடுத்தாத்தான் ஸ்டார்ட் ஆகும்" என்றார் இந்தியில். (காகா என்றால் அங்கே சித்தப்பா.)

எனக்கு உடல் சிலிர்த்தது. ஓர் உடலை நீத்த உயிர், பழைய வாசனைகளோடு மற்றோர் உடலில் புகுகிறது! வாழ்நாளெல்லாம் பாட்டில் படித்ததை மெக்கானிக் ஷெட்டில் கேட்டேன்.

"அந்தப் பழைய வண்டிக்கு என்ன ஆச்சு?"

"ஆக்சிடென்ட். முன்பக்கம் பாப்பட், அப்பளமா நொறுங்கிடுச்சு! ஆனா பெட்டிக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க காகா."

பயப்படாதே என்று ஒருவர் சொன்ன பிறகுதான் எனக்கு முறையாகப் பயம் தொடங்கும். அதிலும் மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து விமானத்தில் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். அதற்கடுத்த நாள் என் மகள் உமாவின் நிச்சயதார்த்தம். அவர்களோ சகுனம் பார்ப்பவர்கள். முன்னொரு பெண்ணைப் பார்க்கப் போகும் வழியில் டயர் வெடித்ததென்று, பெண்ணின் முகத்தைக்கூடக் காணாமல் திரும்பியவர்கள். "கேப் புக் பண்ணிடலாம்ப்பா" என்று உமா கெஞ்சினாள். சம்பந்தியை வாடகை வண்டியிலா அழைப்பது? மறுத்துவிட்டேன்.

லேப்டாப்காரர் நினைவை அழித்துச் சாவியைப் பழக்கிய பெட்டி அன்று மாலை என் கைக்கு வந்தது. மறுநாள் காலை கணபத் வீட்டுக்கே வந்து பொருத்துவதாக ஏற்பாடு. நினைவை லேப்டாப் அழிக்கலாம்; வினையை அழிக்குமா? பெட்டியைப் பூஜை அறையில் வைத்தேன். விபத்து வாசனை அகலத் திருநீற்றை நீரில் குழைத்தேன். நெற்றி எங்கே என்று தேடியபோது, ஒரு பக்கத்தில் இரண்டு குழிகளும் அவற்றுள் வரிசையாக ஊசிகளும் தெரிந்தன. கண்கள்! புருவத்துக்கு மேலே தாராளமாக மூன்று பட்டை இழுத்தேன். வழிந்தது கண்ணுக்குள் போயிற்று. (போகட்டும், நல்லதுதானே.)

என் மனைவி சிவகாமி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அதுக்கு எதுக்குப் பட்டை? அது என்ன கோயில்ல பாடவா போவுது?"

"நீ சும்மா இரி. அடிபட்ட வண்டிலேருந்து வந்திருக்கு. கழிப்புக் கழிக்காண்டாமா?"

மறுநாள் கணபத், இருக்கைக்கு முன்னே இருட்டில் தலையை நுழைத்துக் கையாலேயே தடவிப் பொருத்தினார். எஞ்சின் முழங்கியது. நான் சிவகாமியைப் பார்த்த பார்வையில் அத்தனை பெருமிதம்.

விமான நிலையம் வரை வேன் பசுவாகச் சென்றது. திரும்புகையில் தூறல் பிடித்தது. காற்றில் ஈரம் ஏற ஏற, முன்பலகையில் எஞ்சின் வடிவில் மஞ்சள் விளக்கொன்று ஒளிர்ந்தது. நான் ஒன்றும் மிதிக்காமலே வேன் உறுமியது. பிறகு விக்கியது. பிறகு, படைவீரர்கள் துப்பாக்கியோடு காவல் நிற்கும் ஒரு வாயிலுக்கு நேர் எதிரே, அடங்கியது.

"ஏனுங் சம்பந்தி, வண்டி நின்னுபோச்சுங்களா?" என்றார் சம்பந்தி.

"இல்லைங்க... இளைப்பாறுது."

சம்பந்தியம்மா கைப்பையை இறுகப் பற்றிக்கொண்டார். அந்தப் பிடியில் உமாவின் நிச்சயதார்த்தம் நசுங்குவதை நான் கண்ணாடியில் கண்டேன். பாட்டு எழவில்லை. ஐந்தெழுத்தில் மூன்றுதான் நினைவுக்கு வந்தன.

வீரர் ஒருவர் வந்து வண்டியை நகர்த்தச் சொன்னார். கணபத்துக்குத் தொலைபேசினேன். பெட்டியின் இணைப்பைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். குனிந்து வெளியே இழுத்தேன். கம்பிகளுக்கு நடுவே ஓர் உலோகப் பெட்டி, அதன் மேல் வெள்ளைப் பொடி. வீரரின் புருவம் உயர்ந்தது. கை துப்பாக்கிக்குச் சென்றது.

"யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டார்.

நாற்பதாண்டு புனே வாசத்தில் கற்ற இந்தி என்னைக் கைவிட்டது. "கம்ப்யூட்டர்... பூர்வஜன்ம்... பூஜா..." என்றேன்.

"கம்ப்யூட்டர் பே பஸ்ம்?" கம்ப்யூட்டர் மேல் திருநீறா என்று வியந்தார் வீரர்.

கைபேசியில் கணபத் அலறினார். "காகா! பின்னுக்குள்ள சாம்பலா? துடைங்க, ஊதுங்க!"

என் மூச்சு எனக்கே போதவில்லை. சம்பந்தி இறங்கிவந்து பெட்டியை வாங்கினார். சம்பந்தியம்மா கைக்குட்டையால் ஈரத்தை ஒற்றி எடுக்க, அவர் சங்கு ஊதுவதுபோல் ஊதினார். திருநீறு பறந்து வீரரின் மீசையில் படிந்தது. அவர் தும்மினார். அதன்பின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார்.

"இது யார் வேலைங்க?" என்று கேட்டார் சம்பந்தி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: விபத்து, வினை, கழிப்பு, கண்கள். சொல்லி முடித்துத் தலைகுனிந்து நின்றேன்.

முதலில் சிரித்தது சம்பந்தியம்மா. "ஏனுங்க, சகுனம் பாக்கறோம்னு ஊரே நம்மளைக் கேலி பேசுது. நம்மளையும் மிஞ்சுன குடும்பம் ஒண்ணு இங்க இருக்குதுங்க! இந்தச் சம்பந்தத்தை விடறதா?"

இணைப்பைச் செருகிச் சாவியைத் திருகினேன். வேன் இருமிவிட்டுக் கிளம்பியது.

நிச்சயதார்த்தம் நடந்தது, திருமணமும் நடந்தது. கம்ப்யூட்டர் வேலையிலிருக்கும் என் மாப்பிள்ளை தங்கமானவர். ஆயினும் இன்றுவரை நான் திருநீற்றுத் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தால், லேப்டாப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நெற்றியை மட்டும் முன்னால் நீட்டுகிறார்.

"இங்க மட்டும் வெச்சாப் போதுங்க மாமா."